களைச்செடிக்கு ஒரு நீல நகல்

நீலகிரியின் எமரால்டு அணையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பெரணிக்கு மரியாதை கிடையாது. தேயிலை வரிசைக்குள் தலைகாட்டினால் கத்தி பாயும். சாலையோரத்தில் முளைத்தால் மாடுகூட வாய் வைக்காது. அப்படி வெட்டிப் போட்ட பெரணி இலை ஒன்றை எடுத்து, ரசாயனம் பூசிய தாளின்மேல் பரப்பி, ஒரு கண்ணாடியால் அழுத்தி, தை மாதத்து உச்சி வெயிலில் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தாளைத் தண்ணீரில் அலசுங்கள். அடர்நீலப் பரப்பின் நடுவே, ஓரத்துப் பல் ஒன்றுகூடத் தப்பாமல், அந்த இலை வெள்ளையாக எழுந்து நிற்கும். கேமராவும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம்.

வெயிலையும் செடியையும் வைத்துப் படம் எடுக்கும் இந்தக் கலை 1842 முதல் உலகில் இருக்கிறது. இன்று நகரத்துக் கலைப் பள்ளிகளிலும் வார இறுதிப் பட்டறைகளிலும் அதற்கு மறுபடி மவுசு. நீலகிரியில் அதைச் செய்யும்போது மட்டும் வேறெங்கும் இவ்வளவு அழுத்தமாக எழாத கேள்வி ஒன்று முன்னால் வந்து நிற்கிறது: எந்தச் செடியைப் பறிப்பது? இந்த மலையில் சில செடிகளைத் தொடவே கூடாது. சில செடிகளை எவ்வளவு பறித்தாலும் தகும். அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதுதான் இங்கே இந்தக் கலையின் முதல் பாடம்.

வானியலாளரும் பாசிப் பிரியையும்

சர் ஜான் ஹெர்ஷல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானியலாளர். இரும்பு உப்புகள் சிலவற்றின்மீது வெயில் பட்டால் நிறம் மாறுவதை ஆராய்ந்து, 1842ல் ‘சயனோடைப்’ என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து தாளில் பூச வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் முதல் உப்பிலுள்ள இரும்பு வேதிமாற்றம் அடைந்து, இரண்டாவது உப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ‘பிரஷ்யன் நீலம்’ ஆகிறது. இலை மறைத்த இடத்தில் எதுவும் நடப்பதில்லை. அங்கிருக்கும் பூச்சு தண்ணீரில் கரைந்து போய்விட, வெள்ளைத் தாள் வெளியே தெரிகிறது.

ஹெர்ஷலின் குடும்ப நண்பர் ஒருவரின் மகள் அன்னா அட்கின்ஸ். தாவரவியலில் தீராத ஆர்வம் கொண்டவர். கடற்பாசிகளை வரைவது பெரும்பாடு என்பதால், பாசிகளையே தாளில் வைத்து வெயிலில் பதித்தார். 1843ல் முதல் பகுதி வெளிவந்த அந்தப் பாசி நூல், பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 400 படங்களாக வளர்ந்தது. ஒளிப்படங்களைக் கொண்டு உலகில் வெளிவந்த முதல் நூல் அதுதான். ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு படமும் தனித்தனியாக வெயிலில் வைத்து எடுக்கப்பட்டது. 1850களில் தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து அவர் கை வைத்தது பெரணிகளில். நுணுக்கமான ஓரங்கள், தட்டையான உடல் இரண்டும் இருப்பதால் வெயில் அச்சுக்கென்றே பிறந்த செடி பெரணி என்பதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள்.

பின்னாளில் இந்த முறை பொறியாளர்களின் கைக்குப் போனது. கட்டட வரைபடங்களையும் இயந்திர வரைபடங்களையும் நகலெடுக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட ‘புளூ பிரிண்ட்’ வேறொன்றுமல்ல, இதே சயனோடைப்தான்.

ஹெர்ஷல் குடும்பத்துக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பும் உண்டு. அவருடைய மகன் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் வங்காளத்தில் அதிகாரியாக இருந்தபோது, 1858ல் ஓர் ஒப்பந்தக்காரரின் கையில் மை தடவி ஆவணத்தில் பதியவைத்தார். கைரேகையை அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம். அப்பா இலைக்கு வழி காட்டினார், மகன் மனிதக் கைக்கு.

சென்னை அச்சகத்தில் இலைகள்

ஒளியால் படம் பதிக்கும் செய்தி இந்தியாவுக்கு வரத் தாமதமாகவில்லை. 1839லேயே கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் மருத்துவர் ஓ'ஷாக்னசி ஒளி வரைபடங்களைக் காட்டினார். சென்னையில் நடந்தது சற்று வேறு வகை. புனித ஜார்ஜ் கோட்டை கெஜட் அச்சகத்தில் பணிபுரிந்த ஹென்றி ஸ்மித், செடிகளை நேரடியாகவே தாளில் பதித்து எடுத்த மாதிரிகளை 1857ல் நூலாக வெளியிட்டார். அதில் வெயிலுக்கு வேலையில்லை, மைக்குத்தான் வேலை. ஆனாலும் ஓவியர் கை வைக்காமல் செடி தன் உருவைத் தானே பதிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

நீலகிரிச் செடிகளின் பதிவு பெரும்பாலும் ஓவியர் கையாலேயே நடந்தது. ராபர்ட் வைட் 1840களில் நீலகிரித் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூல்களுக்குப் பின்னால் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களின் உழைப்பு இருக்கிறது. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார் வைட். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோமின் தென்னிந்தியப் பெரணிகள் நூல் 1863ல் சென்னையில் வெளிவரத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபைசன் எழுதிய நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலும் வரைபடங்களை நம்பியதே. ஆக, அட்கின்ஸ் செய்தது போல இந்த மலையின் செடிகளை இந்த மலையின் வெயிலைக் கொண்டே பதிவு செய்யும் வேலை, வேண்டியவர்கள் எடுத்துச் செய்யக் காத்திருக்கிறது.

ஊட்டியின் ஒளித்தாள் ஆலை

ஒளியை உணரும் தாள் நீலகிரிக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நாடு முழுவதற்கும் அதைச் செய்து அனுப்பியதே ஊட்டிதான். பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல் நிறுவப்பட்டது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1967ல் உற்பத்தி தொடங்கியது. தூசியில்லாத காற்றும் குளிர்ந்த வானிலையும்தான் ஆலையை மலைக்கு இழுத்து வந்தன. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், படம் போடும் தாளும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் வெளிவந்தன. ஆலையைச் சுற்றி இந்து நகர் என்ற குடியிருப்பே உருவானது.

வண்ணப் படம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. தொண்ணூறுகளில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்ட ஆலை, 2014ல் ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்ததோடு முடிவை நெருங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம் அது.

அங்கே செய்த தாளுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. காலாவதியான கறுப்பு வெள்ளை போட்டோ தாளில் ஈரச் செடியை வைத்து, கண்ணாடி மூடி, சில மணி நேரம் வெயிலில் விட்டால், டெவலப்பர் இல்லாமலேயே இளஞ்சிவப்பும் பழுப்பும் ஊதாவுமாக ஒரு படம் உருவாகும். ‘லூமன் பிரிண்ட்’ என்று பெயர். தாளிலுள்ள வெள்ளி உப்பும் செடியின் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. அது நிலைக்க ஹைப்போவில் முக்க வேண்டும். முக்கினால் நிறம் சற்றே மாறும், முக்காவிட்டால் படம் கறுத்துக்கொண்டே போகும். அதனால் பலரும் எடுத்த உடனே ஸ்கேன் செய்துகொள்கிறார்கள். பழைய ஸ்டுடியோ ஒன்றின் அலமாரியில் பிரிக்காத ‘இந்து’ தாள் பாக்கெட் தென்பட்டால் குப்பையில் போட வேண்டாம். சாதாரணப் படத்துக்கு உதவாத தாள் இதற்கு உதவும்.

எமரால்டு வெயிலின் குணம்

ஊட்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எமரால்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தில் இங்குள்ள நீர்த்தேக்கமும் ஒன்று. சுற்றிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்கள், தேயிலை, கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள்.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வீச்சு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குளிர் காற்று உடலை ஏமாற்றும். ‘வெயிலே இல்லையே’ என்று தோன்றும் நாளில்கூட முகம் கறுத்துப்போவது மலைக்காரர்களுக்குத் தெரியும். சயனோடைப் தாளுக்கும் சூடு தேவையில்லை, புற ஊதாதான் தேவை. அதனால் வேர்க்காமல், நடுங்கிக்கொண்டே நல்ல அச்சு எடுக்க முடிகிற இடம் இது.

பருவம்தான் முக்கியம். தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்குகிற பகுதி இது. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. ஆடியிலும் ஆவணியிலும் இந்த வேலையை மறந்துவிடலாம். அப்போது வெயிலைவிட அட்டைகளே அதிகம். மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரைதான் சரியான காலம். உறைபனி படிந்த இரவுக்கு அடுத்த பகல் பெரும்பாலும் மேகமற்றிருக்கும். புல்லில் பனி காயும் வரை பொறுத்து, பத்து மணிக்கு மேல் தொடங்கினால் மூன்று மணி வரை கைநிறைய வேலை. மூடுபனி இறங்கிவிட்டால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும்.

எதைப் பறிக்கலாம்? எதைத் தொடக் கூடாது?

நீலகிரி உச்சிகளின் இயல்பான நிலம் புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒடுங்கிய சோலையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் சில செடிகளைக் கொண்டுவந்தார்கள். விறகுக்கும் ஆலைக்கும் சில மரங்கள் வந்தன. மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் கோர்ஸ், அதன் உறவான ஸ்காட்ச் புரூம், தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகை மரம், தைலம் தரும் கற்பூர மரம் எல்லாம் அப்படி வந்தவை. இந்தியாவுக்கு அலங்காரச் செடியாக 1800களின் தொடக்கத்தில் வந்த உண்ணிச்செடி தாழ்வான சரிவுகளை வளைத்துக்கொண்டது. ஆரஞ்சுப் பூக்கொத்துகளுடன் செஸ்ட்ரம், சாலையோரத்தில் காட்டுச் சூரியகாந்தி என்று பட்டியல் நீளும். புல்வெளி இருந்த இடங்களை இவை எடுத்துக்கொண்டே போகின்றன. அயல் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழ்நாடு அரசு 2022ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கூடலூர்ப் பக்கத்தில் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் செய்த ஆளுயர யானைகள் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன.

வெயில் அச்சுக்கு இந்தப் பட்டியலே பொக்கிஷம். ஸ்காட்ச் புரூமின் மெல்லிய பச்சைக் குச்சிகள் தாளில் பேனாக் கோடுகளாக விழும். சீகை இலை பெரணிக்கு இணையான நுணுக்கம் கொண்டது. தாளில் இறகு போலப் பதியும். கற்பூர மரத்தின் அரிவாள் இலை கனமானது, ஒளியை முழுக்க மறைக்கும், அதனால் பளிச்சென்ற வெள்ளை கிடைக்கும். கோர்ஸ் மட்டும் பிடிவாதக்காரச் செடி. முள் நிமிர்ந்து நிற்பதால் கண்ணாடிக்கு அடங்காது, படம் கலங்கும். சிறு கிளையை இரண்டு நாள் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த பிறகே வழிக்கு வரும்.

மறுபக்கம் பறிக்கக் கூடாதவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பூவைப் பிய்ப்பதும் செடியைப் பிடுங்குவதும் குற்றம். சோலையோரத்து ரோடோடென்ட்ரான், மரப் பெரணி, ஆர்க்கிட் எதையும் பறிக்காமல் விட வேண்டும். ஊசிக்கலாவும் தவிட்டுப்பழச் செடியும் பறவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பழம் தருபவை. உங்கள் வேலியில் இருந்தால் உதிர்ந்த இலை போதும்.

இடமும் முக்கியம். அவலாஞ்சியும் அப்பாலுள்ள முக்குர்த்தி தேசியப் பூங்காவும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. காப்புக்காட்டில் களைச்செடியானாலும் அனுமதியில்லாமல் பறிக்க முடியாது. சொந்த நிலம், அனுமதி பெற்ற எஸ்டேட் ஓரம், ஊர்ப் பாதையோரம், இவ்வளவே நம் எல்லை. அதிலும் காட்டெருமை மேயும் நேரத்தில் தேயிலைக்குள் நுழையாமல் இருப்பது நல்லது. இலை பறிக்கும் ஆர்வத்தில் காஞ்சொறியில் கை வைத்தால் அன்றைய வேலை அதோடு சரி. மணி மணியாகப் பூ தொங்கும் ஊமத்தை வகைகள் அழகாகப் பதியும், ஆனால் நஞ்சு. கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று விதை. புரூம், கோர்ஸ் விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காய் பிடித்த கிளையைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு புதுக் களையை விதைத்தவர் ஆவோம். காய் பிடிக்குமுன் பறிப்பது, வேலை முடிந்ததும் மிச்சத்தை அங்கேயே எரிப்பது, இரண்டும் கட்டாயம்.

வீட்டிலேயே செய்ய

● *கரைசல்:* பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மில்லியில் கரைத்து இன்னொரு பாட்டில். இருட்டில் வைத்து, வேண்டும்போது சம அளவு கலக்க வேண்டும்.

● *தாள்:* பருத்தி நாரில் செய்த கனமான தாள் சிறந்தது. புதுச்சேரி ஆசிரமக் கைக்காகிதம் போன்றவை நன்றாக உழைக்கும். சுண்ணாம்புச் சத்து சேர்த்த தாளில் நீலம் வெளிறும். கஞ்சி போக அலசிய வேட்டித் துணியிலும் அச்சு எடுக்கலாம்.

● *பூச்சு:* டியூப் லைட்டை அணைத்து, மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும்.

● *பதிப்பு:* தாள், செடி, மேலே கண்ணாடி, ஓரங்களில் கிளிப். பூச்சு மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பலாக மாறும்போது எடுத்துவிடலாம். எமரால்டின் தெளிந்த பகலில் எட்டு முதல் பதினைந்து நிமிடம்.

● *அலசல்:* மஞ்சள் முழுக்கப் போகும் வரை தண்ணீர் மாற்றி அலச வேண்டும். காயக் காய, ஒரு நாளுக்குள் நீலம் அடர்ந்துவிடும்.

● *எச்சரிக்கை:* சமையல் பாத்திரம் கூடாது, கையுறை வேண்டும். ஃபெரிசயனைடை வீரியமான அமிலத்தோடு சேர்ப்பதும் சூடாக்குவதும் ஆபத்து. அலசிய நீரை ஓடையிலோ அணைநீரிலோ ஊற்றக் கூடாது.

டீத்தூளும் பீட்ரூட்டும்

நீலம் சலித்தவர்களுக்கு இந்த ஊரிலேயே மாற்று உண்டு. காய்ந்த அச்சைச் சிட்டிகை சலவை சோடா கலந்த தண்ணீரில் முக்கினால் நீலம் வெளிறி மஞ்சளாகும். நன்றாக அலசி, பாலில்லாத கடும் டீயில் போட்டு வைத்தால், டீயின் டானினும் தாளில் தங்கிய இரும்பும் சேர்ந்து கரும்பழுப்பு ஏறும். விலை மலிந்த டஸ்ட் டீ போதும், இலை டீ வீண் செலவு. சீகைப் பட்டையைக் கொதிக்கவைத்த சாற்றிலும் இதே வேலை நடக்கும். தோலைப் பதனிடும் அதே டானின்தான். சீகை இலையைப் பதித்து, சீகைப் பட்டைச் சாற்றிலேயே நிறமேற்றிய படம் நீலகிரியின் நூறாண்டு வரலாற்றை ஒரே தாளில் சொல்லும்.

ரசாயனமே வேண்டாம் என்பவர்களுக்கு ‘ஆந்தோடைப்’. இதையும் ஹெர்ஷல்தான் ஆராய்ந்தார். கணித அறிஞர் மேரி சோமர்வில் தாவரச் சாறுகளில் செய்த சோதனைகளை, பெண்களுக்கு ராயல் சொசைட்டியில் இடமில்லாத அந்தக் காலத்தில், ஹெர்ஷல் வழியாகத்தான் வெளியிட முடிந்தது. பீட்ரூட் சாற்றைத் தாளில் பூசி, உலர்த்தி, இலை வைத்து வெயிலில் விட வேண்டும். இங்கே வெயில் நிறத்தை உண்டாக்காது, அழிக்கும். இலை மறைத்த இடம் மட்டும் சிவப்பாக நிற்கும். நிமிடங்கள் போதாது, பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும். மஞ்சள் தூளைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால் இன்னும் வேகம். ஆனால் எதுவும் நிரந்தரமல்ல. சுவரில் மாட்டினால் அதே வெயில் மிச்சத்தையும் தின்றுவிடும். தோட்டத்தில் விலை போகாமல் கிடக்கும் பீட்ரூட்டுக்கு இது ஒரு பயன், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாத முதல் பாடம்.

தேதி போட்ட தாள்

அழகுக்காக மட்டும் செய்தால் பத்து அச்சுகளில் அலுத்துவிடும். அட்கின்ஸின் பாசிப் படங்களை இன்றும் பேசக் காரணம் அவற்றின் நீலம் மட்டுமல்ல, ஒவ்வொன்றிலும் அவர் எழுதிவைத்த தாவரவியல் பெயர். அந்தப் பழக்கத்தை இங்கே தொடரலாம். தாளின் பின்புறம் பென்சிலால் மூன்று செய்திகள்: செடியின் பெயர், பறித்த இடம், தேதி. பெயர் தெரியாவிட்டால் தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். எது எப்போது முளைக்கும், எது வேரோடு வராது, எந்தச் சரிவில் முதலில் தலைகாட்டும் என்பது அவர்களுக்கு அத்துபடி. அவர்கள் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அது எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாமல் இருக்கலாம்.

குந்தா, எமரால்டு பகுதிப் பள்ளிகளின் பசுமைப் படைகள் இதைக் கையில் எடுத்தால் செலவு அதிகமில்லை. அயல் செடிகளை அகற்றும் முகாம் எங்கே நடந்தாலும், பிடுங்கியதில் ஒரு கிளையை எரிக்குமுன் வெயிலில் பதித்துவிடலாம். எந்தச் சரிவில், எந்த ஆண்டில், எது அகற்றப்பட்டது என்பதற்கு அது ஆதாரம். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே சரிவில் அதே களை திரும்பி வந்திருக்கிறதா, புல் வந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

நீலகிரிச் சரிவுகளில் 2018ல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030ல் பூக்க வேண்டும். அந்த ஆண்டு கேமராவும் கைப்பேசியுமாகக் கூட்டம் மலையேறும். அதற்குள் குறிஞ்சியின் இடத்தைப் பிடித்திருக்கும் களைகளை அகற்றுபவர்கள் எவ்வளவு பேர் என்பதைப் பொறுத்தே அங்கே பார்க்க என்ன மிஞ்சியிருக்கும் என்பது தீர்மானமாகும். குறிஞ்சியை யாரும் பறித்துப் பதிக்க வேண்டியதில்லை. அதை நெருக்கும் களைகளைப் பறித்துப் பதித்தால், வெயில் அச்சு இந்த மலைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது.